பிரதேச சபையும் எங்கள் கிணறுகளும்



பிரதேச சபை என்றதும் பலருக்கு நினைவில் வருவன மூன்று: எரியாத தெருவிளக்கு, குழி விழுந்த ஒழுங்கை, ஆண்டுதோறும் வரும் சோலைவரிப் பத்திரம். வலிகாமத்துச் சபையொன்றின் தவிசாளர் என்ற முறையில் எனக்குக் கிடைக்கும் விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை இவற்றைப் பற்றியனவே. கிணற்று நீரைக் காத்துத் தருமாறு எழுதுவோர் மிகச் சிலர். ஆயினும், எங்கள் சபை ஆற்ற வேண்டிய கருமங்களுள் முதலாவது அதுவே என்பதையும், அதன் பொருட்டு வேறு சில கருமங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றையும் சபையின் பொறுப்பில் விட்டுள்ளது. சந்தை, மயானம், வாசிகசாலை, ஆயுர்வேத மருந்தகம், வடிகால், குப்பை அகற்றல், கட்டட அனுமதி என்பன யாவும் அதனுள் அடங்கும். 2018ஆம் ஆண்டிலே தெரிவானோரின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிவடைந்தது. அதன்பின், 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே சபைகள் இயங்கின. அன்றாட வேலைகளை அலுவலர்கள் நடத்தினார்கள். ஆனால், எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்று ஊரவர் சார்பில் வாதிட்டுத் தீர்மானிக்க ஆளில்லை. இப்பொழுது ஆள் உண்டு. ஆகவே காரணம் சொல்லும் கடமையும் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. அந்த நன்னீரையே நாம் கிணற்றில் அள்ளுகின்றோம். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறியாதார் இல்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். அன்றியும், மணலைப் போல நீரை வடிகட்டும் தன்மை இக்கல்லின் வெடிப்புகளுக்கு இல்லை. நிலத்தின் மேல் நாம் கொட்டுவதும், குழியில் விடுவதும் விரைவிலே கிணற்றுக்கு வந்துவிடுகின்றன.

இதன் பயனை இன்று காண்கின்றோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்திற்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் இதற்கு முக்கிய காரணங்கள். போத்தற்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை நைத்திரேற்று குறைக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று நீங்காது. தாய்மார் இதனை அறிந்திருத்தல் வேண்டும். சுன்னாகத்துச் சுற்றாடற் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது. நீதி கிடைத்தது நன்று. எனினும், கெட்ட நீரைப் பணம் திருத்துவதில்லை.

தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரைப் பெறும் நிலையம் 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டதே, இனிக் கிணறு எதற்கு என்று சிலர் கேட்கின்றார்கள். அந்நிலையம் பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். அந்நீர் குடிப்பதற்கு உரியது. வெங்காயப் பாத்திக்கும் மரவள்ளிக்கும் இறைப்பதற்கன்று. தோட்டம் இருக்கும் வரை கிணறும் வேண்டும்.

ஆகவே, சபை முதன்மை தர வேண்டிய பணிகள் மூன்று என்பது என் கருத்து.

முதலாவது, மலக்கழிவு. வீட்டுக்கு அனுமதி வழங்குமுன், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் தாளில் அன்றி வளவிலே அளக்கப்பட வேண்டும். அயலவர் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இடம் போதாத சிறு காணிகளில், அடி மூடிய, நீர் கசியாத தொட்டியே கட்டப்பட வேண்டும். குழியை வெறுமையாக்கும் பவுசர், அக்கழிவை வெளியிலே ஊற்றாமல், சுத்திகரிக்கும் இடத்திற்கே கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, குப்பை. கல் அகழ்ந்த பள்ளங்களைக் குப்பை கொட்டும் இடமாகக் கருதுவது, நேரே கிணற்றிற் கொட்டுவதற்கு ஒப்பாகும். சந்தைக் கழிவையும் சமையற் கழிவையும் வேறாகப் பிரித்துப் பசளையாக்கினால், தோட்டக்காரர் வாங்கும் இரசாயன உரத்தில் ஒரு பகுதியேனும் குறையும்.

மூன்றாவது, குளங்களும் வாய்க்கால்களும். மாரி தொடங்குமுன் இவை தூர்வாரப்பட்டால், மழைநீர் வீதியில் தேங்காமலும் வீணே கடலுக்கு ஓடாமலும் நிலத்தில் இறங்கும். தண்ணீர் வந்து சேரும் வழியை மறித்து மதில் கட்டியோரிடம், எவராயினும், சபை தயங்காது கேட்க வேண்டும்.

சபையின் பெட்டியோ சிறியது. சோலைவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம் ஆகியவற்றால் வரும் பணம் எல்லா வேலைக்கும் போதாது. பழுதான விளக்குகள் திருத்தப்படும். அபாயமான குழிகள் மூடப்படும். ஆனால், அலங்கார வளைவுகளும், புதிய மண்டபங்களும், சில ஒழுங்கைகளுக்கான தாரும் காத்திருக்க வேண்டிவரும். உங்கள் ஒழுங்கையும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம். அதனைத் தேர்தலுக்கு முந்திய மாதத்திலன்றி இப்பொழுதே சொல்லிவிடுவது நேர்மை என்று எண்ணுகின்றேன்.

உங்களிடம் வேண்டுவது அதிகமில்லை. குப்பையைப் பிரித்து வையுங்கள். சோலைவரியை உரிய காலத்திற் செலுத்துங்கள். குழந்தை உள்ள வீட்டார், கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். சனசமூக நிலையங்கள் சபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பெற்று, ஊரவர் கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொரு பணியும் ஏன் அவ்விடத்தைப் பெற்றது என்று எங்களிடம் கேட்கட்டும். கேட்பாருக்கு விடை சொல்லவே எங்களைத் தெரிவு செய்திருக்கின்றீர்கள்.