நீரிழிவும் நம் வாவிக்கரை உணவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சலரோகம் என்போம், சீனி வருத்தம் என்போம். பெயர் பலவானாலும் நோய் ஒன்றே. எந்த எண்ணெய் ஆகும், எந்தக் கீரை நோயை அடக்கும், கடையில் விற்கும் மீனெண்ணெய்க் குளிசை நல்லதா என்னும் கேள்விகள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒருங்கே எழுகின்றன. இன்று அவற்றையே எடுத்து ஆராய்வோம்.

முதலில் நோயின் உள்வேலையை அறிதல் வேண்டும். தோணியின் இரும்பாணி உப்புக்காற்றிலே துருவேறுகின்றது. நெடுநாள் வைத்த எண்ணெய் காறிப்போகின்றது. இரண்டும் ஒட்சியேற்றத்தின் விளைவுகளே. நம் உடலினுள்ளும் இஃது ஓயாமல் நிகழ்கின்றது. உணவு எரிந்து சத்தியாகும்போது ‘சுயாதீன மூலிகங்கள்’ எனப்படும் துடிப்பு மிக்க துணிக்கைகள் சிறிதளவு தோன்றும். அவற்றை அடக்கும் காவலும் உடலிடத்தே உண்டு. இரத்தத்திற் சீனி மிகுந்து கலங்களுக்குள் வெள்ளம்போற் புகுமாயின், துணிக்கைகள் பெருகிக் காவலை மீறுகின்றன. இந்நிலையே ஒட்சியேற்ற அழுத்தம். கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றை நீரிழிவு கெடுக்கும் வழிகள் பலவும் இந்த ஓர் ஊற்றிலிருந்தே கிளைக்கின்றன என்று அமெரிக்க மருத்துவ அறிஞர் மைக்கல் பிரவுண்லி 2001ஆம் ஆண்டில் விளக்கினார்.

இனிக் கொழுப்பைப் பார்ப்போம். தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பமிலங்களாம். அவை எளிதிற் காறமாட்டா. ஆயினும் இரத்தத்திலே தீய கொலஸ்திரோலை உயர்த்துவன. நல்லெண்ணெயிலும் கச்சானிலும் நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுதி. சாளை, சூடை முதலிய கடல்மீன்களிலே ஒமேகா 3 என்னும் வகை உண்டு. அது இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பாகிய திரைகிளிசரைட்டைக் குறைக்கும். ஆனால் இவ்வகைக் கொழுப்பு விரைவில் ஒட்சியேறும் இயல்புடையது. ஆதலால் கொழுப்போடு அதன் காவலும் சேர்ந்து வருதல் வேண்டும். விற்றமின் ஈ கொழுப்பிற் கரைந்து நின்று அதனைக் காக்கும். அது களைத்தபோது விற்றமின் சீ அதனைப் புதுப்பிக்கும். முன்னையதைக் கச்சான் தரும். பின்னையதை நம் வளவுக் கொய்யாவும் நெல்லியும் தரும்.

அப்படியாயின் இவற்றைக் குளிசையாக விழுங்கினாற் போதாதா? இக்கேள்வியை உலகம் பொருள் செலவிட்டுச் சோதித்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ‘ஹோப்’ ஆய்வில், இருதய நோய் வரக்கூடிய 9,541 பேரிற் பாதிப் பேருக்கு நாலரை ஆண்டளவும் விற்றமின் ஈ கொடுத்தார்கள், பயன் விளையவில்லை. பிரித்தானியாவில் 15,480 நீரிழிவாளரைக் கொண்டு நடந்து 2018இல் முடிவு வெளியான ‘அசென்ட்’ ஆய்விலோ, ஒமேகா 3 குளிசை உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. ஸ்பெயின் தேசத்தில் வேறு வழி பார்த்தார்கள். உணவையே மாற்றி, ஒலிவெண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்து, காய்கறியும் மீனும் உண்ணச் செய்தார்கள். 2013இல் வெளியாகி, 2018இல் திருத்தி மீள வெளியிடப்பெற்ற அவ்வாய்விலே, மாரடைப்பும் பாரிசவாதமும் இருதய நோய் மரணமும் நூற்றுக்கு 30 அளவிற் குறைந்தன. அதிற் கலந்துகொண்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் நீரிழிவாளர்.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் யாது? குளிசை தட்டிலுள்ள தீமையை அகற்றுவதில்லை. நல்லுணவோ தீயுணவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஆகவே பணத்தைக் குளிசையிற் போடாமல் அடுக்களையைத் திருத்துவோம். சோற்று மலையின்மேற் கறிக்குளம் வெட்டும் வழக்கத்தை மாற்றி, தீட்டாத சிவப்பரிசிச் சோற்றை அளவாகவும், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணியைத் தாராளமாகவும் வைப்போம். மீனைப் பொரிப்பதிலும் குழம்பாக்குதல் நன்று. ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் கொதிக்க வைத்தல், காறலை நாமே காய்ச்சி உண்பதாகும். முதற்பாலைக் குறைப்போம். வீட்டுக்கு வருவோர்க்குச் சோடாவும் கேக்கும் நீட்டாமல் ஒரு பிடி கச்சானும் கொய்யாத் துண்டும் கொடுப்போம். விருந்தோம்பலுக்கு அதனாற் குறைவு வந்துவிடாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லுதல் எம் கடன். உணவு மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று. கீரை உண்கின்றோம் என்று இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்துவோர், கண்ணையும் காலையும் பணயம் வைக்கின்றார்கள். 1922ஆம் ஆண்டு கனடாவில் இன்சுலின் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு ஏற்றப்படுமுன், அவனைப்போன்ற பிள்ளைகளுக்கு எந்தப் பத்தியமும் உயிரைக் காத்துக் கொடுத்ததில்லை.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரிற் பத்திலொருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் உள்ளதையே அறியாதிருந்தனர். அக்கணக்கில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை, அது போர்க்காலம். அன்று நம்மை எண்ணுவாரில்லை. இன்று நம்மை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

இளைஞர்களே! இஃது உங்கள் கைப்பணி. வீட்டிலுள்ள அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா ஒவ்வொருவரையும் அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். கட்டணம் இல்லை, ஒரு காலைப்பொழுதே செலவு. பெரியோர்களே! பிள்ளை அழைக்கும்போது ‘எனக்கொன்றுமில்லை’ என்று மறுக்காது எழுந்து செல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் சங்கத்து அங்கத்தவர் வீடுகளிலே சோதிக்கப்படாத முதியவர் ஒருவரும் இல்லை என்னும் நிலையை உண்டாக்குவோம்.