கட்டளை அட்டை



புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் நாமெல்லாம் வாக்குத்தத்த அட்டை எடுத்திருப்போம். ஆசீர்வாதம், பெருக்கம், சுகம் என்று ஏதாவது ஒன்று வரும். வருடம் முழுக்க அதை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வோம். கட்டளை அட்டை என்று ஒன்றை எந்த அச்சகமாவது அடித்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை. அடித்தாலும் விற்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

முழு இருதயத்தோடு கர்த்தரை நம்பச் சொல்லும் நீதிமொழிகள் 3:5 நம் வீட்டு வரவேற்பறைகளில் தொங்குகிறது. விசா கிடைத்தவரும் வேலை கிடைத்தவரும் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்; சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் கீழ்ப்படிந்ததால் இருந்ததையும் இழந்த ஒருவரின் சாட்சியை இன்று சொல்ல விரும்புகிறேன். அவர் நம் திண்டுக்கல் மண்ணில் உழைத்தவர்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1835-லேயே திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டது. அந்த மிஷனின் ஊழியராக 1925-ல் இந்தியா வந்தவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். பங்களா, சம்பளம், மரியாதை எல்லாம் இருந்தது. அவரோ கதர் உடுத்தினார். 1930-ல் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இந்த ரெனால்ட்ஸ். ஆங்கிலேய அரசுக்குக் கோபம் வந்தது. அரசியலில் தலையிட மாட்டோம் என்று அந்நிய நாட்டு மிஷன்கள் எழுதிக் கொடுத்திருந்த காலம் அது. கெய்த்தான் நாட்டைவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

இதில் அந்த வாக்குறுதிக்குக் கட்டுப்பட்ட மிஷன் பெரியவர்களை வில்லன்களாக்க எனக்கு மனமில்லை. பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கெய்த்தான் செய்தது மகா காரியம் ஒன்றுமில்லை. வீடு தேடி வந்தவனுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தார். அந்நியனை உபசரிக்க வேண்டும் என்பது ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைக்குக்கூடச் சொல்லித்தரும் பாடம். அதற்கு விலை இவ்வளவு ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். 1944-ல் மறுபடியும் வெளியேற்றினார்கள். சுதந்திரத்தை ஒட்டி மறுபடியும் வந்தார்! காந்திகிராமத்தோடும், சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனோடும் கிருஷ்ணம்மாளோடும் சேர்ந்து கிராமங்களில் உழைத்தார். இரண்டு முறை கதவு அடைபட்டால், இது தேவசித்தம் இல்லை போலும் என்று நாம் ஊருக்குப் போய் ஒரு வேலையைத் தேடிக்கொள்வோம். கதவு திறந்தால் சித்தம், அடைத்தால் சித்தமில்லை என்று நாம் வைத்திருக்கும் கணக்கு இருக்கிறதே, அது பல நேரம் நம் சௌகரியத்தின் கணக்குதான். ஆபிரகாம் எங்கே போகிறோம் என்று தெரியாமல்தான் புறப்பட்டான். புறப்படு என்ற சொல் மட்டும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

அப்படிப் புறப்பட்ட வேறு சிலரும் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி சாலையில் போனால் ஒட்டன்சத்திரம். காய்கறி மார்க்கெட் எல்லோருக்கும் தெரியும். அங்கே 1955-ல் டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது. நகரத்தில் நன்றாகச் சம்பாதித்திருக்கக்கூடிய மருத்துவர்கள் கிராமத்து நோயாளிகளைத் தேடி வந்தார்கள். அவர்களும் முதலில் முழு வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டா புறப்பட்டிருப்பார்கள்?

இடையில் ஒரு எச்சரிக்கை. கீழ்ப்படி என்று உங்களிடம் சொல்கிறவர் எல்லோரும் கடவுளின் குரலில் பேசுகிறவர் அல்ல. அங்கி போட்டவர், மேடையில் நிற்பவர், என்னையும் சேர்த்துத்தான், எங்கள் பேச்சைச் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. கெய்த்தானின் கீழ்ப்படிதல் அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் கீழ்ப்படியாமையாகத்தான் தெரிந்தது.

இன்று பட்டம் வாங்குகிறவர்களில் வேதியியல் படித்த பிள்ளைகளிடம் கடைசியாக ஒரு வார்த்தை. உங்களில் யாருக்காவது நம் ஊரிலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்கலாம். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிணற்று நீரைக் குடிக்க முடியாமல் போன கதை அது. என்றைக்காவது ஒருநாள் ஒரு தண்ணீர் மாதிரியின் அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். உப்பின் அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். புது வேலை, வீட்டில் கடன், தங்கைக்குக் கல்யாணம். அன்றைக்கு ஆண்டவருடைய சித்தம் என்ன என்று உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டியதில்லை. பொய்ச்சாட்சி கூடாது என்று பத்துக் கட்டளையில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. வேலை போனால் மறுமாதம் என்ன செய்வது என்பதுதான் எழுதப்படவில்லை. அதற்குத்தான் விசுவாசம் வேண்டும்.