நீச்சத்தண்ணியும் நோயுற்ற முதியோரும்



இராமநாதபுரத்து மருத்துவமனை ஒன்றில் உறவினர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அடுத்த கட்டிலில் பாம்பன் கரையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நுரையீரல் அழற்சியால் படுத்திருந்தார். ரொட்டியும் பாலும் வைத்தது வைத்தபடியே இருந்தன. "கொஞ்சம் நீச்சத்தண்ணி குடுடா ராசா" என்று மகனிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். நோயாளிக்குப் பழையதைக் கொடுப்பதா என மகன் தயங்கினார். அந்த மூதாட்டியின் விருப்பம் அறியாமையா, அறிவா என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் வைத்தால் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுகின்றன. புளிப்பு அவற்றின் வேலையே. தயிரிலும் அவ்வினத்தவையே உள்ளன. இத்தகைய உயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியவர், 1908இல் நோபல் பரிசு பெற்ற ருஷிய அறிஞர் மெச்னிகாஃப். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களையே 'புரோபயாடிக்' என்கின்றனர். புளித்ததெல்லாம் புரோபயாடிக் ஆகிவிடாது. எந்த வகை, எவ்வளவு, எந்த நோய்க்கு என்பவை சோதித்துத் தெளியவேண்டியவை. நம் பழைய சோற்றைக் குடல் நோயாளரிடம் ஆராயும் பணியைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மேற்கொண்டது இதன்பொருட்டே.

முதியோர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் பெரும்பகுதி குடலைச் சார்ந்தே வாழ்கின்றன. வயது ஏற ஏற அவ்வாற்றல் தளர்கிறது. மருத்துவமனையில் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் மருந்துகளோ பகைக் கிருமிகளோடு குடலின் நட்புயிர்களையும் மாய்த்துவிடுகின்றன; அதனால் வயிற்றுப்போக்கு வருவதுண்டு. அப்படியானால் நட்புயிர்களை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? நானும் அவ்வாறே எண்ணியவன்தான்.

வேல்ஸிலும் வட இங்கிலாந்திலும் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, ஆன்டிபயாடிக் பெற்ற ஏறத்தாழ 3,000 நோயாளரிடம் இதனைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். நுண்ணுயிர் பெற்றோரில் 10.8 விழுக்காட்டினர்க்கும், வெற்று மருந்து பெற்றோரில் 10.4 விழுக்காட்டினர்க்கும் வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. பயன் காணப்படவில்லை. இதனினும் கடுமையான செய்தி, நெதர்லாந்தில் 2008இல் வெளிவந்தது. கணைய அழற்சி முற்றக்கூடும் எனக் கணிக்கப்பட்ட 296 பேரை ஆராய்ந்ததில், நுண்ணுயிர் பெற்ற பிரிவில் 24 பேரும் பெறாத பிரிவில் 9 பேரும் இறந்தனர். உயிருள்ள பொருளன்றோ! வலுவிழந்த உடலில் அது நண்பனாகவே நடக்கும் என்று உறுதி கூறவியலாது. வேறு சில சோதனைகள் நற்பயன் காட்டியுள்ளன என்பதும் உண்மையே. ஆனால் ஒரு வகையின் புகழை மற்றொரு வகைக்கு ஏற்றிக்கூறுதல் விளம்பரக்காரர் தொழில்.

இவற்றினும் முந்திய கேள்வி, முதியவர் போதிய அளவு உண்கிறாரா என்பது. நோயுற்ற முதியவர்க்கு, சிறுநீரகக் கோளாறு கடுமையாக இல்லையெனில், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்பர் வல்லுநர். 50 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 60 கிராமேனும் ஆயிற்று. நீச்சத்தண்ணியில் அது மிகச் சொற்பம். நம் கடற்கரை மீனிலோ நூறு கிராமுக்குச் சுமார் இருபது கிராம் உண்டு. கிணற்று நீர் உப்புக்கரிக்கும் ஊர்களில் எந்த நீரைச் சோற்றில் ஊற்றினார்கள் என்பதையும் கேட்டேயாக வேண்டும்; நீர் கெட்டால் நீச்சத்தண்ணியும் கெட்டதே.

மகன் மருத்துவரையே கேட்டுவிட்டார். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்ட மருத்துவர், பழையதை வீடு திரும்பும்வரை ஒத்திவைத்து, அன்றன்று வடித்த சோற்றைக் குழைத்துப் புதுத் தயிர் ஊற்றி, முள் நீக்கிய அவித்த மீனுடன் கொடுக்கச் சொன்னார். மறுநாள் நான் சென்றபோது கிண்ணம் பாதிக்குமேல் காலியாயிருந்தது. "புளிப்புப் பத்தலை" என்று மூதாட்டி மகனைக் கடிந்துகொண்டிருந்தார்.