படிகாரமும் ஒரு தடுப்பூசியும்



முதலாம் படிவத்தில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவருகிறாள். "அம்மா, ஊசி போடப் போறாங்களாம். இதுல கையெழுத்து வேணுமாம்" என்கிறாள். வேலைக்காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய தாய், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு ஊசி? புற்றுநோய்க் கிருமியையே உடம்புக்குள்ள விடுறாங்களோ?" என்று அவள் மனம் கலங்குகிறது.

இந்தக் கலக்கம் தவறன்று. பிள்ளையின் உடம்பில் எது செல்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை தாய்க்கு உண்டு. ஆகவே, அந்த ஊசியில் என்ன இருக்கிறது, அதை ஏன் அவ்வாறு அமைத்தார்கள் என்பதை இன்று நாம் பார்ப்போம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது எச்.பி.வி. எனப்படும் வைரஸ் ஆகும். ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் இதன் 16ஆம் வகையையும் 18ஆம் வகையையும் அப்புற்றுநோயில் கண்டறிந்தார். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்நோயில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது, இவ்விரு வகைகளால் வருவதே.

இந்த வைரஸ் ஆண் பெண் உறவின் வழி பரவுகிறது. இதைக் கேட்டு யாரும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. இல்லறம் நடத்துவோரில் பெரும்பாலோரை இது ஏதாவது ஒரு காலத்தில் தொட்டுச் செல்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. அவ்வாறு தங்கியது புற்றுநோயாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே, நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பழிப்பது அறியாமை.

இது மிகவும் கள்ளத்தனமான கிருமி. இரத்தத்தில் கலப்பதில்லை, காய்ச்சலைத் தருவதில்லை, மேல்தோலின் அடுக்குகளில் ஒளிந்து வாழ்கிறது. ஓசையின்றி வந்த திருடனைக் கண்டு நாய் குரைக்காதது போல, நம் உடலின் காவல் அணுக்களும் பல வேளைகளில் விழித்துக்கொள்வதில்லை. அப்படியானால் அந்தக் காவலை எப்படி எழுப்புவது? தடுப்பூசியை அமைத்தவர்களின் முன்னே நின்ற கேள்வி இதுதான்.

முதலில் அவர்களுக்குக் கிருமியின் அடையாளம் தேவைப்பட்டது. 1991இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசர், ஜியான் சோ என்னும் இருவர் வைரஸின் மேலோட்டை மட்டும் உருவாக்கினார்கள். அதன் புரதத் துண்டுகள் 360 ஒன்றுகூடினால், தாமாகவே உருண்டையான ஓடாக அமைந்துவிடும். ரப்பர்க் கொட்டையின் பருப்பை எடுத்துவிட்டு, வெறும் ஓட்டை மண்ணில் புதைத்தால் கன்று முளைக்குமா? முளைக்காது. அதுபோல, உள்ளே வித்து இல்லாத இந்த ஓட்டினால் நோய் உண்டாக வழியில்லை. ஒருவகைத் தடுப்பூசிக்கு இந்த ஓட்டை ஈஸ்டில் வளர்த்து எடுக்கிறார்கள். ரொட்டி மாவை உப்பச் செய்கிறதே, அதே ஈஸ்ட்தான்.

ஆனால் வெறும் ஓட்டைச் செலுத்தினால் மட்டும் போதாது. காவல் அணுக்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக்கூடும். தட்டி எழுப்ப ஒரு துணை வேண்டும். இதைத் துணையூக்கி என்கிறோம்.

துணையூக்கியின் கதை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் குதிரை லாயத்தில் தொடங்கியது. அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று மருந்தைக் குதிரைகளின் இரத்தத்திலிருந்து எடுத்தார்கள். பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் காஸ்டன் ரமோன், ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணான குதிரைகளிடம் எதிர்ப்பாற்றல் கூடுதலாக இருப்பதைக் கவனித்தார். அதன்பின் மருந்தோடு வேறு சில பொருள்களைக் கலந்து பார்த்தார். அவற்றில் ஒன்று, நமக்கெல்லாம் நன்கு தெரிந்த மரவள்ளிக்கிழங்கு மாவு!

1926இல் பிரிட்டனில் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தைப் பயன்படுத்தினார். மங்கிலிருக்கும் ரப்பர்ப் பாலில் திராவகம் பட்டால் பால் திரண்டு கட்டியாகிறது அல்லவா? ஏறக்குறைய அவ்வாறே, படிகாரம் சேர்ந்ததும் மருந்து நுண்துகள்களாகத் திரண்டு படிந்தது. அத்துகள்களை ஊசியாகப் போட்டபோது எதிர்ப்பாற்றல் மிகுந்தது. கலங்கிய நீரைத் தெளியவைக்க நம் பாட்டிமார் பயன்படுத்திய பொருளின் உறவுதான், இன்றும் பல தடுப்பூசிகளில் உள்ள அலுமினிய உப்பு. இதற்காக வீட்டுப் படிகாரத்தை யாரும் மருந்தாக உட்கொள்ளக் கூடாது. ஊசியிலுள்ளது சுத்திகரித்து அளந்து சேர்த்த உப்பு.

எச்.பி.வி.க்கு எதிரான முதல் தடுப்பூசி 2006இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, ஓடுகளோடு அலுமினிய உப்பும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றொன்றில் இன்னொரு துணையையும் சேர்த்தார்கள். சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்து, நச்சுத்தன்மையை அகற்றிய கொழுப்புப் பொருள் அது. அதன் வடிவத்தைக் கண்டதும், "பகைவன் வந்துவிட்டான்!" என்று காவல் அணுக்கள் எச்சரிக்கை அடைகின்றன. அங்கே கிடப்பதோ வைரஸின் ஓடு. அணுக்கள் அதன் அடையாளத்தைப் பதிந்துகொண்டு, எதிர்ப்பொருளை ஏராளமாக உண்டாக்குகின்றன. அந்த ஊசியில் கொழுப்புப் பொருள் 50 மைக்ரோகிராம். அலுமினியம் அரை மில்லிகிராம். இயல்பாகக் கிருமி தொற்றும்போது உண்டாவதைவிடப் பன்மடங்கு எதிர்ப்பொருள் இதனால் கிடைக்கிறது.

ஊசி போட்ட கை வலிப்பதும் சற்று வீங்குவதும் காவல் விழித்துக்கொண்டதன் அறிகுறி. சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரலாம். ஆகவே ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள்.

பயன் உண்டா என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்தில் 2008இல் தொடங்கிய திட்டத்தில், இரண்டு துணைகளும் உள்ள அந்த ஊசியைப் போட்டார்கள். 2024இல் வெளியான ஆய்வின்படி, 12, 13 வயதில் அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இப்புற்றுநோய் காணப்படவில்லை.

மலேசியாவில், பள்ளியிலேயே 13 வயது மாணவிகளுக்கு இந்தத் தடுப்பூசியை இலவசமாகப் போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. சிங்கப்பூரில் உயர்நிலை முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு 2019இல் தொடங்கியது. "இவ்வளவு சிறு வயதிலா?" என்று சிலர் தயங்குகிறார்கள். பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டிய பிறகா வேலி போடுவோம்? கிருமி உடலில் சேருமுன்னே காவல் எழுந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கிருமியை இந்த ஊசி விரட்டாது.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒரு சொல். மகளுக்கு ஊசி, உங்களுக்கோ பரிசோதனை. கருப்பை வாயில் ஏற்படும் மாற்றத்தைப் புற்றாகுமுன்னே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். ஊசி போட்டுக்கொண்ட பெண்களும் பிற்காலத்தில் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது என்போர்க்கும் வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பங்கேற்போடு 2018இல் தொடங்கிய ஒரு முயற்சியில், பெண்கள் தாமே மாதிரியை எடுத்துக் கொடுக்கும் முறை கையாளப்பட்டது. மாதவிலக்கு நின்ற பிறகோ, உறவுக்குப் பின்னரோ இரத்தம் கண்டால் மட்டும், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நேயர்களே, அந்தத் தாள் இன்னும் தாயின் கையில்தான் இருக்கிறது. ஐயமிருந்தால் தாதியிடம் தயங்காமல் கேளுங்கள். மலாய் எழுத்துப் புரியாவிட்டால் மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தெளிவு பிறந்ததும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அப்படியே, உங்கள் பரிசோதனைக்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தாயும் மகளும் சேர்ந்து காக்கப்பட்டால்தான் குடும்பத்துக்கு முழுப் பாதுகாப்பு.