சந்தேகத்தின் பலன் யாருக்கு?



பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற குழு எங்களுடையது. போன வருசம் எங்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. எங்களுக்கு அட்டை விற்றவர் எங்களிடம் வரியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அரசாங்கத்துக்குக் கட்டவில்லையாம். சரக்கு வந்ததே சந்தேகம், நீங்கள் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். குழுச் சேமிப்பே கரைந்துபோகும் அளவுக்குத் தொகை. அன்றைக்குக் கூட்டத்தில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

ஒரு தங்கச்சி மட்டும் கேட்டாள்: "கொலைக் கேஸ்லயே சந்தேகத்தின் பலன்னு விட்டுடுறாங்களே அக்கா, நமக்குக் கிடையாதா?"

நல்ல கேள்வி. ஆனால் பதில், கிடையாது என்பதுதான். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுதான் நிரூபிக்க வேண்டும். வரி வழக்கு அப்படி இல்லை. உள்ளீட்டு வரி எனக்கு உண்டு என்று யார் கேட்கிறார்களோ அவர்களே நிரூபிக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 155-வது பிரிவு. கர்நாடகத்துக் காப்பி வியாபாரி ஒருவர் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அது பழைய வாட் சட்ட வழக்கு. பில்லும் பணம் கொடுத்த கணக்கும் மட்டும் போதாது. வண்டி விவரம், வாடகை கொடுத்தது, சரக்கு வந்து சேர்ந்த கையெழுத்து எல்லாம் வேண்டும் என்றது.

அதற்காக அதிகாரி வாய்க்கு வந்ததை எழுதிவிடவும் முடியாது. வெறும் சந்தேகத்தை வைத்து வரி போடக்கூடாது என்று 1954-லேயே தாகேஸ்வரி காட்டன் மில்ஸ் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம மதுரைக் கிளையிலும் 2021 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. நாகர்கோவில் ரப்பர் ஷீட் வியாபாரிகளுக்கு எங்களுக்கு வந்த மாதிரியே சிக்கல். விற்றவரை விசாரிக்காமல் வாங்கினவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றியது தப்பு என்று உத்தரவை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பைக் காட்டி, கெடு முடிவதற்குள் பதில் எழுதினோம். நேரில் விசாரணை வேண்டும் என்றும் கேட்டோம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எடைமேடைச் சீட்டு, லாரி வாடகை ரசீது, பேங்க் பாஸ்புக், இருப்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். சீட்டு இருந்த லோடுகளுக்கு விட்டுவிட்டார்கள். குட்டியானையில் வந்த இரண்டு லோடுக்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதற்கு வரியும் வட்டியும் கட்டினோம். சரக்கு வந்தது எங்களுக்குத் தெரியும், ஆனால் காட்ட வழியில்லை.

உத்தரவு நமக்கு எதிராக வந்தாலும் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். நோட்டீசைப் பரணில் போட்டுவிட்டால் இந்த வழியும் அடைபட்டுப்போகும்.

கடைசியாக ஒன்று. "உன் பேர்ல ஜிஎஸ்டி எடுத்துக்கிறேன், ஆதாரும் ஓடிபியும் மட்டும் குடு"ன்னு யார் கேட்டாலும், சொந்தக்காரரே ஆனாலும், கொடுக்காதீங்க. வரி ஏய்ப்பு கிரிமினல் கேசாக மாறினால், தெரிந்தேதான் செய்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்கிறது 135-வது பிரிவு. எனக்குத் தெரியாது என்பதை, அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், நாம்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டில் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லி அங்கே தப்பிக்க முடியாது.

எங்கள் குழுவில் இப்போது லோடு இறங்கினதும் சீட்டை வாங்கிக் கோப்பில் கோத்த பிறகுதான் வண்டியை விடுகிறோம். உங்கள் குழுவிலும் இந்த வாரமே ஆரம்பியுங்கள்.