பாதியில நின்ன மெசேஜை செல் ஏன் அழிக்குது?

இந்த எபிசோடை நல்லவாட்டுல இருந்து ரெக்கார்ட் பண்றேன். 2004 டிசம்பர் 26 அன்னிக்கு, சிங்கப்பூர்ல வேலை பார்த்த இந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணி சுனாமின்னு எச்சரிச்சார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைச்ச அறிவு மையத்தோட ஸ்பீக்கர்ல உடனே அறிவிச்சாங்க. 3,600 பேருக்கு மேல தப்பிச்சாங்க.

மெசேஜ் முழுசா வந்தா உயிர் காக்கும். ‘கடலுக்குப் போகாதீங்க’ன்னு சொல்ல வேண்டிய ஸ்பீக்கர், ‘கடலுக்குப் போ’ன்னு பாதியில கட் ஆனா? அது பேசாமலே இருக்கிறது மேல்.

நம்ம செல்லும் அப்படித்தான் முடிவெடுக்குது. ஜீன்ல இருந்து எடுத்த எம்ஆர்என்ஏ காப்பியில, தேவையில்லாத பகுதிகளை வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டும். ஒவ்வொரு ஒட்டுக்குப் பக்கத்துலயும் ஒரு புரதக் கொத்து அடையாளமா உட்காரும். முதல் தடவை படிக்கிற ரைபோசோம், வழியில இருக்கிற அடையாளங்களைத் தட்டிவிட்டுக்கிட்டே போகும். ‘நிறுத்து’ங்கிற குறி பொதுவா கடைசித் துண்டுலதான் இருக்கும். அதனால அடையாளம் எதுவும் மிஞ்சாது.

கடைசி ஒட்டுக்கு 50-55 எழுத்துக்கு மேல முன்னாடியே ‘நிறுத்து’ வந்துட்டா, அடையாளம் அப்படியே நிக்கும். யுபிஎஃப்1 முதலான புரதங்கள் சேர்ந்து அந்த எம்ஆர்என்ஏவைச் சிதைச்சிடும். இதுக்குப் பேர் நான்சென்ஸ் மீடியேட்டட் டிகே.

இந்தியாவுல அதிகம் காணப்படுற பீட்டா தலசீமியா மாற்றங்கள்ல ஒண்ணைப் பாருங்க: கோடான் 41/42ல நாலு எழுத்து விட்டுப்போயிருக்கும். ‘நிறுத்து’ சீக்கிரமே வந்துடும். செல் மெசேஜை அழிச்சிடும். பழுது ஒரு ஜீன்ல மட்டும் இருந்தா, இன்னொரு நல்ல ஜீன் சமாளிச்சுக்கும். அந்த ஆள் பொதுவா நல்லாவே இருப்பார்.

ஆனா கோடான் 121ல ‘நிறுத்து’ வந்தா கதையே வேற. அது கடைசித் துண்டு, அடையாளம் மிஞ்சாது, சோதனையில தப்பிச்சிடும். அரைகுறைப் புரதம் உருவாகி, வளர்ற சிவப்பணுக்களையே கெடுக்கும். ஒரு ஜீன் பழுதானாலே ரத்தசோகை வரலாம்.

ஒரு விஷயம். மெசேஜை டெலிட் பண்றது பக் ஃபிக்ஸ் இல்லை. ஜீன்ல பழுது அப்படியேதான் இருக்கு. கணவன் மனைவி ரெண்டு பேருமே கேரியர்னா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. நோய் தீவிரமா இருந்தா, ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும்.

அதனால ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ன்னு விட்டுடாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு, ஹெச்பிஏ2 அளவு பார்க்கிற ரத்தப் பரிசோதனை செஞ்சுக்குங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.