பாலும் வேண்டாம், சாக்கும் வேண்டாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், 2010-ஆம் ஆண்டு இயந்திரவியல் துறையில் பட்டம் பெற்று ஒரகடத்தில் பொறியாளராகப் பணிபுரியும் நம் சங்க உறுப்பினர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னால் பேசிய அண்ணன்மார் இருவரும் வேலை வாய்ப்பைப் பற்றியும் தொழில் தொடங்குவதைப் பற்றியும் அருமையாகப் பேசிவிட்டார்கள். நான் பேசப் போவது பூனையைப் பற்றி. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இது நானாகத் தேடிக்கொண்ட தலைப்பு இல்லை. ஹாஸ்டல் மாணவர்கள் சிலர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தால் வந்தது. மெஸ்ஸுக்குப் பின்புறம் இருக்கும் பூனைகளைச் சாக்கில் கட்டி, பைபாஸ் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஹாஸ்டல் கமிட்டியில் ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த மாதம் முடிவு எடுக்கப் போகிறார்களாம். மாணவர்கள் கேட்பது, 'எல்லாவற்றையும் ஒரு காப்பகத்தில் சேர்க்க வழி சொல்லுங்கள்' என்று. நான் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் பிடிக்காததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் நிர்வாகத்தின் பக்கம். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அரிசி மூட்டை மேல் பூனை படுத்திருந்தால் எந்த மெஸ் மாஸ்டருக்குத்தான் பிடிக்கும்? முதலாண்டுப் பையன் ஒருவனைப் பூனை பிறாண்டி, அவன் ஊசி போட அலைந்தது எல்லோருக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனை கடித்தாலும், ரத்தம் வருகிற மாதிரி பிறாண்டினாலும், உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். ஆரம்பித்தால் எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். செமஸ்டர் பரீட்சை என்று நடுவில் விடக் கூடாது. வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் கிடையாது.

இப்போது பூனைப் பக்கம். அடிபட்ட, சோர்ந்த பூனையைப் பார்த்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? ஒரு மூடியில் பால் ஊற்றி வைப்போம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றால் போகும். ஏற்கெனவே வாடிக் கிடக்கிற உடம்பில் இருக்கிற தண்ணீரும் அதோடு போய்விடும். அதற்கு வெறும் தண்ணீரும், உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ முட்டையோ போதும். அதை விட மோசம் மாத்திரை. காய்ச்சலாக இருக்குமோ என்று பாதி பாராசிட்டமால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள், அந்தப் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. நம் கல்லீரலில் அந்த மருந்தைப் பதப்படுத்தி வெளியேற்றுகிற வசதி பூனையின் கல்லீரலில் இல்லை. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சக்தியை இழக்கிறது, ஈறு பழுப்பாகிறது, முகம் வீங்குகிறது, மூச்சு முட்டிச் சாகிறது. டெட்டால் போட்டுப் புண்ணைத் துடைப்பதும் அப்படித்தான். பூனை தன் உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. மேலே போட்டது உள்ளே போகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அவ்வளவுதான் புண் கழுவ வேண்டியது. மெக்கானிக்கல்காரனுக்கு இந்தக் கணக்கு கூடவா தெரியாது?

ஆகவே கையை நீட்டுவதற்கு முன் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் ஃபாக்டரி கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபது வயது. கேட்டருகே ஒரு கடுவன் பூனை உண்டு. பேரு 'கியர்'. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, அது மணலில் குந்தி உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கும், நாலடி நடக்கும், மறுபடி குந்தும். 'மலச்சிக்கல் சார், விளக்கெண்ணெய் கொஞ்சம் ஊத்துனா சரியாயிரும்' என்றார் டிரைவர் ஒருவர். அண்ணாச்சி மட்டும் பூனை எழுந்து போன இடத்தையெல்லாம் போய்க் குனிந்து பார்த்தார். என்னிடம் வந்து, 'சார், மணல் எங்கயுமே நனையல. நேத்து ராத்திரியில இருந்து இப்படித்தான் இருக்கு. இது வெளிக்கிப் பிரச்சினை இல்ல, ஒண்ணுக்குப் பிரச்சினை' என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் பூனையைப் பிழைக்க வைத்தது. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். அதில் படிகத் துகளோ சளி போன்ற கட்டியோ அடைத்துக்கொண்டால் வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயமே நின்றுவிடும். காய்கறி வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டை எடுத்தோம். ஒன்றில் பழைய பெட்ஷீட்டை விரித்து, பூனையைத் துணியோடு சேர்த்துத் தூக்கி வைத்து, இன்னொன்றை மேலே கவிழ்த்துக் கட்டினோம். மேலே ஒரு துண்டு. இருட்டாக இருந்தால் பூனை பாதி அடங்கிவிடும். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே, 'கிரிக்கெட் பந்து மாதிரி இருக்கு பாருங்க' என்றார். மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, அடைப்பை எடுத்தார். நாளைக்குக் கொண்டு வரலாம் என்று விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார்.

இது மாதிரி காத்திருக்கக் கூடாத சமயங்கள் சில உண்டு. பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தால், ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால், புண்ணில் புழு வைத்திருந்தால், ஒரு நாளுக்கு மேல் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். உயரத்திலிருந்து விழுந்த பூனையும் அப்படியே. 'பூனைக்கென்ன, நாலு கால்ல இறங்கிடும்' என்பார்கள். 1987-இல் நியூயார்க்கில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில், மாடிகளிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 90 சதவீதம் பிழைத்துவிட்டன. ஏழு மாடிக்கு மேல் விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றுகூட அதில் இருந்தது. உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? புள்ளியியல் பாடத்தில் தூங்கியவர்களுக்காக இதைச் சொன்னேன். பிழைத்தவற்றிலும் நெஞ்சிலும் தாடையிலும் அடிபட்டவை ஏராளம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நுரையீரல் நசுங்கியிருக்கலாம். சி பிளாக் நான்காம் மாடிக்காரர்கள் கவனிக்க.

டாக்டர் எங்கே என்று கேட்பீர்கள். ஊருக்கு ஊர் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி என்று பேரே தவிர, பூனையையும் பார்ப்பார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. பெரிய சிகிச்சை என்றால் நமக்கு நாமக்கல் இருக்கிறது. 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும் அங்கே உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி, 1903-இலிருந்து நடக்கிற கல்லூரி. போகும்போது பூனையின் நடையையும் மூச்சையும் போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் மேஜையில் ஏற்றியதும் எந்தப் பூனையும் தன் வியாதியை ஒளித்துக்கொள்ளும்.

இனி காப்பகம். கியருக்கு டியூப் எடுத்த பிறகு, மறுபடி அடைத்துக்கொள்ளலாம், பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள் என்றார் டாக்டர். காப்பகம் ஒன்றுக்குப் போன் செய்தோம். 'இடம் இல்லை சார், அதோடு இங்கே கொண்டு வந்தா வேற நோய் ஒட்டிக்கும்' என்று ஒளிக்காமல் சொன்னார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு டாக்டர் விளக்கினார். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் ஒரு அறையில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கும். பிளீச்சிங் கரைசலுக்கு மசியும். தெருவில் திடமாக வாழ்கிற பூனையைக் காப்பகத்தில் கொண்டு அடைப்பது அதற்கு உபகாரம் ஆகாது.

காப்பகம் யாருக்குத் தேவை? தாய் செத்துப்போன குட்டிக்கு, கண் போனதற்கு, யாரோ வளர்த்துத் தெருவில் விட்ட வீட்டுப் பூனைக்கு. கடைசியாகச் சொன்னதை எளிதாக அடையாளம் காணலாம். மனிதரைக் கண்டால் ஓடாமல், வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி எதிரே வரும். அதற்கும் முதலில் அக்கம்பக்கத்தில் போட்டோ காட்டி, சொந்தக்காரரைத் தேட வேண்டும். குட்டி தனியாக இருக்கிறதே என்று தூக்கிவிடவும் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்ய வேண்டும். குட்டி சில்லிட்டுக் கிடந்தால் முதலில் சூடு, அப்புறம்தான் ஆகாரம்.

எங்கள் கியரைப் பழைய ஜெனரேட்டர் ரூமில் வைத்து அண்ணாச்சிதான் பார்த்துக்கொண்டார். உடம்பு தேறியதும் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கத்தரித்து, அதே கேட்டில் விட்டோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் வண்டி சீட்டில்தான் மத்தியானத் தூக்கம்.

சரி, நம் மெஸ்ஸுக்கு வருவோம். சாக்கில் கட்டி பைபாஸில் விட்டால் என்ன ஆகும்? அந்தப் பூனைகள் தெரியாத இடத்தில் பட்டினியிலோ லாரியிலோ சாகும். பசியும் தாகமும் வரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நம் கேன்டீனில் காபி வடை சாப்பிடுகிற காசு! ஆனால் குற்றம் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள். மெஸ் பின்கட்டில் எச்சில் இலையும் மீன் தலையும் திறந்து கிடக்கிற வரைக்கும், காலியான இடத்துக்கு வேறு பூனை வரும். எலி அதற்கு முன்னாலேயே வரும். அங்கே நான் எண்ணிப் பார்த்தது நான்கு பூனை. அதில் இரண்டு பெட்டை. வருஷத்துக்கு இரண்டு ஈற்று, சில சமயம் மூன்று. ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வையுங்கள். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். பிறக்கிற குட்டிகளில் பலவும் நம் கண் முன்னாலேயே சாகும். இந்தக் கணக்கை நிறுத்துவது சாக்கு அல்ல, கருத்தடை.

எனவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் இதுதான். முடிவை ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். அதற்குள் நான்கு பூனைகளையும் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனி கத்தரித்து, அதே இடத்தில் விடுகிறோம். அறுவைச் செலவும் வண்டிச் செலவும் எங்கள் 2010 பேட்ச்சின் பொறுப்பு. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள், சாட்சி நீங்கள். அறுவைக்குப் பிறகு சில நாள் வைக்க சி பிளாக் அடியில் பூட்டிக் கிடக்கும் சாமான் அறையை வார்டன் சார் திறந்து கொடுக்க வேண்டும். மெஸ் பின்கட்டுக் குப்பைத் தொட்டிக்கு மூடியும், ஸ்டோர் ஜன்னலுக்குக் கம்பி வலையும் போட வேண்டும். வலைக்கு அளவு எடுத்துவிட்டேன், நேற்று மாலையே டேப் கொண்டு போனேன்.

மாணவர்களுக்கும் ஒன்று. அறைக்கு அறை சோறு வைப்பதை நிறுத்துங்கள். மெஸ்ஸிலிருந்து தள்ளி ஒரே இடம், ஒரே நேரம், அரை மணியில் தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். அப்போதுதான் எந்தப் பூனை சாப்பிட வரவில்லை என்று மறுநாளே தெரியும். யார் யார் எந்தக் கிழமை என்று பட்டியல் போட்டு, பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஆலமரத்தடியில் இருப்பேன். பூனை பிடிக்க இரண்டு கிரேட்டும் பெட்ஷீட்டும் காரில் இருக்கின்றன. பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், முழுக்கை சட்டையோடு வாருங்கள்.